போஸ்ட்கிரெஸ் ஹேங் ஆகிவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸில் ஓடும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சர்வரில் ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) அசையாமல் நிற்கும்போது வருகிற கேள்விகள் இவை. பதிப்பு 9.6-ஐயும் அதற்குப் பின் வந்தவற்றையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் பேச்சில் யாராவது ‘லாக் பார்த்தியா’ என்றால், பூட்டுகிற லாக்கா, எழுதிவைக்கிற லாக்கா என்று திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. இங்கே பூட்டு என்றால் பூட்டு; லாக் என்றால் பதிவுக் கோப்பு. போஸ்ட்கிரெஸ் வைத்த பெயர்களுக்குள் வரும் ‘லாக்’ மட்டும் பூட்டுதான்.

ஹேங் ஆகிவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது?

‘டேட்டாபேஸ் ஹேங்’ என்று போன் வரும்போது பாதி நேரம் ப்ராசஸ் மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கும். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனி ப்ராசஸ் என்பதால், ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் டாப் கட்டளையில் அந்த ப்ராசஸ் எண்ணைப் பார்த்தாலே முதல் சந்தேகம் தீர்ந்துவிடும். சிபியு 100 சதவீதத்தை ஒட்டி நின்றால் அது ஓடுகிறது. உங்களுக்குப் பிடிக்காத வேகத்தில் ஓடுகிறது, அவ்வளவுதான். சிபியு 0 என்றால் எதற்கோ காத்திருக்கிறது. பூட்டுக்காக இருக்கலாம், டிஸ்க்குக்காக இருக்கலாம், க்ளையன்ட் பேசுவதற்காக இருக்கலாம், இன்னொரு சர்வரின் பதிலுக்காகவும் இருக்கலாம். அந்த ‘எதற்கோ’ என்னவென்று தெரியாமல் எதையும் கொல்லக் கூடாது என்பதுதான் என் கட்சி.

சரி, முதலில் எங்கே பார்ப்பது?

பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்ற வியூவில், அதாவது போஸ்ட்கிரெஸ் தானே தரும் நிலவர அட்டவணையில். ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு வரி இருக்கும். அதில் நான் படிக்கும் வரிசை இது: முதலில் ஸ்டேட், அடுத்து வெயிட்_ஈவென்ட்_டைப், வெயிட்_ஈவென்ட், அப்புறம் எக்ஸாக்ட்_ஸ்டார்ட், அதாவது டிரான்சாக்‌ஷன் (ஒன்றாகவே நிலைக்கவோ ரத்தாகவோ வேண்டிய கட்டளைத் தொகுப்பு) தொடங்கிய நேரம். க்வெரி (டேட்டாபேஸுக்குக் கொடுத்த கட்டளை) என்ற காலத்தை, அதாவது நெடுவரிசையை, கடைசியில்தான் பார்ப்பேன். பலரும் நேராக அங்கேதான் போவார்கள், ஏமாறுவதும் அங்கேதான். ஸ்டேட் ‘ஆக்டிவ்’ ஆக இருந்தால் மட்டுமே அதில் தெரிவது இப்போது ஓடும் க்வெரி. மற்ற நிலைகளில் அது கடைசியாக ஓடி முடிந்த க்வெரி. ‘ஐடில்’ என்று இருக்கும் ஒரு ப்ராசஸைக் காட்டி, ‘இந்த செலக்ட் காலையிலிருந்து ஓடுது சார்’ என்று சொல்லும் ஆளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

காத்திருக்கும் வகையைச் சொல்லும் இந்த இரண்டு காலங்களும் 2016-இல் வந்த 9.6-இல்தான் சேர்ந்தன. அதற்கு முன்பு ‘வெயிட்டிங்’ என்று ஒரே ஒரு ஆம்-இல்லை காலம் இருந்தது, அதுவும் பூட்டுக்குக் காத்திருப்பதை மட்டுமே சொல்லும். டேட்டாபேஸுக்குள் நுழைய வழியில்லை என்றால் ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையே பாதி கதை சொல்லும். போஸ்ட்கிரெஸ் தன் ப்ராசஸ் தலைப்பிலேயே யூசர், டேட்டாபேஸ், க்ளையன்ட் முகவரி, என்ன செய்கிறது என்பதையெல்லாம் எழுதிவைக்கும். பூட்டுக்குக் காத்திருந்தால் வரியின் கடைசியில் ‘வெயிட்டிங்’ என்று ஒட்டிக்கொள்ளும்.

ஸ்டேட் ஆக்டிவ், ஆனால் வெயிட்_ஈவென்ட் காலியாக இருக்கிறது. என்ன அர்த்தம்?

பெரும்பாலும் அது சிபியுவில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். க்வெரியை நடத்தும் வழிமுறையான பிளான் மோசமாக அமைந்து, லட்சக்கணக்கான வரிகளுக்கு நெஸ்டட் லூப், அதாவது சுற்றுக்குள் சுற்று, போட்டுக்கொண்டிருக்கலாம். பெரிய அளவில் டேட்டா ஏற்றிவிட்டு புள்ளிவிவரம் திரட்டும் அனலைஸ் கட்டளையை ஓட்டாமல் விட்ட டேபிள் என்றால் என் சந்தேகம் உடனே அங்கேதான் போகும். ஓடும் க்வெரியின் பிளானை இயல்பான வசதிகளை வைத்துப் பாதியில் எட்டிப்பார்க்க முடியாது. அதே க்வெரிக்கு, பிளானை மட்டும் காட்டும் எக்ஸ்ப்ளெயின் போட்டு இன்னொரு கனெக்‌ஷனில் பாருங்கள். எக்ஸ்ப்ளெயினோடு ‘அனலைஸ்’ என்பதைச் சேர்த்துவிட்டால் க்வெரி இரண்டாவது முறையும் ஓடத் தொடங்கும், கவனம்.

வெயிட்_ஈவென்ட்_டைப் ‘லாக்’ என்கிறது. பூட்டை வைத்திருப்பது யார்?

பிஜி_ப்ளாக்கிங்_பிட்ஸ் என்ற ஃபங்‌ஷனுக்கு மாட்டிய ப்ராசஸின் எண்ணைக் கொடுத்தால் அதைத் தடுப்பவர்களின் எண்கள் வரும். அந்த எண்ணுக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள். காலியான விடை தரும் ப்ராசஸ் வரும்வரை மேலே ஏறிக்கொண்டே போனால் அங்கே நிற்பவர்தான் மூலக் காரணம். நடுவில் இருப்பவர்களைக் கொன்று பயனில்லை. அவர்களும் வரிசையில் நிற்பவர்கள்தான்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு மதியம் பில்லிங் நின்றுபோனது. நாற்பது சொச்சம் ப்ராசஸ்கள் பூட்டுக்குக் காத்திருந்தன. ஒவ்வொன்றாக மேலே ஏறிப்போனால் உச்சியில் ஒரே ஒரு கனெக்‌ஷன். அதன் ஸ்டேட் ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’. க்வெரி காலத்தில் ஒரு சாதாரண செலக்ட், ஒரே ஒரு வாடிக்கையாளர் வரியைப் படிக்கிறது. ‘இதுவா தடுக்கும்? செலக்ட்தானே’ என்று அதைத் தாண்டிப்போய், வேறு எங்கெங்கோ அரை மணி நேரம் தேடினோம். எக்ஸாக்ட்_ஸ்டார்ட் பார்த்தபோதுதான் உறைத்தது: டிரான்சாக்‌ஷன் தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. க்ளையன்ட் முகவரியைப் பிடித்துப் போனால் எங்கள் தளத்திலேயே ஜன்னலோர மேஜை. ஒரு பையன் ஒவ்வொரு மாற்றத்தையும் தானே உறுதிசெய்யும் (கமிட் செய்யும்) ஆட்டோகமிட்டை அணைத்துவிட்டு ஒரு வரியை அப்டேட் செய்து, சரியாக விழுந்ததா என்று செலக்ட் போட்டுப் பார்த்து, திருப்தியாகிச் சாப்பிடப் போயிருந்தான். கமிட் செய்யவில்லை. தடுத்தது அந்த அப்டேட். திரையில் தெரிந்தது கடைசியாக ஓடிய செலக்ட். அவன் டிபன் பாக்ஸோடு திரும்பி வந்தபோது மேஜையைச் சுற்றி ஐந்து பேர் நின்றிருந்தோம். ‘தம்பி, அந்த விண்டோவை மூடுப்பா’ என்றதோடு பில்லிங் ஓட ஆரம்பித்தது.

அப்டேட் நிற்பது புரிகிறது. வெறும் செலக்ட்கூட நிற்கிறதே?

போஸ்ட்கிரெஸில் படிப்பவர் எழுதுபவரைத் தடுப்பதில்லை, எழுதுபவர் படிப்பவரைத் தடுப்பதில்லை என்று எல்லோரும் பாடமாகச் சொல்வோம். வரிகளைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் ஆல்டர் டேபிள், டிராப், டிரங்கேட், வேக்யூம் ஃபுல் போன்றவை டேபிளையே முழுதாகப் பூட்டக் கேட்கும். ஆக்சஸ் எக்ஸ்க்ளூசிவ் என்ற அந்தப் பூட்டு செலக்ட்டோடும் ஒத்துப்போகாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பூட்டு கிடைத்திருக்கக்கூட வேண்டாம், கேட்டிருந்தாலே போதும். ஒரு ரிப்போர்ட் க்வெரி அரை மணி நேரமாக ஒரு டேபிளைப் படித்துக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் அந்த டேபிளில் ஒரு காலம் சேர்க்க ஆல்டர் கொடுக்கிறீர்கள். கண் இமைக்கும் நேரத்து வேலைதான், ஆனால் ரிப்போர்ட் முடியும்வரை அது காத்திருக்க வேண்டும். அதற்குப் பின்னால் வரும் ஒவ்வொரு செலக்ட்டும், ரிப்போர்ட்டோடு சண்டையே இல்லாவிட்டாலும், ஆல்டருக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். ஒற்றைவழிப் பாலத்தின் முன்னால் லாரி நின்றுவிட்டால் பின்னால் வரும் சைக்கிளும் நிற்கிற மாதிரி. சர்வரே செத்துவிட்டதுபோல் தெரியும். உண்மையில் எல்லாம் ஆரோக்கியமாகத்தான் இருக்கும். ஆல்டரை மட்டும் கேன்சல் செய்தால் வரிசை உடனே கலைந்துவிடும்.

அதனால் வேலை நேரத்தில் ஆல்டர் கொடுப்பதற்கு முன் அந்த செஷனில் லாக்_டைம்அவுட் 2 அல்லது 3 வினாடி என்று வைத்துக்கொள்வேன். பூட்டு கிடைக்காவிட்டால் தானே தோற்றுப்போகும். கொஞ்சம் பொறுத்து மறுபடி முயற்சி செய்யலாம்.

தடுப்பவர் எண் 0 என்று வருகிறது. பூஜ்ஜியம் என்று ஒரு ப்ராசஸா?

அப்படி ஒரு ப்ராசஸ் இல்லை. இரண்டு கட்டமாகக் கமிட் செய்யும் முறையில் ‘ப்ரிப்பேர்’ செய்யப்பட்டு அநாதையாக விடப்பட்ட டிரான்சாக்‌ஷன் அது. அதற்குச் சொந்தமான ப்ராசஸ் கிடையாது, சர்வரை ரீஸ்டார்ட் செய்தாலும் பூட்டோடு அப்படியே இருக்கும். பிஜி_ப்ரிப்பேர்ட்_எக்ஸாக்ட்ஸ் வியூவில் அதன் பெயரைப் பார்த்து, அதை உருவாக்கிய ஆப்ளிகேஷன் ஆட்களிடம் கேட்டுவிட்டு, கமிட் ப்ரிப்பேர்ட் அல்லது ரோல்பேக் ப்ரிப்பேர்ட் கொடுங்கள். இந்த வசதி இயல்பாக அணைக்கப்பட்டே வருவதால் அபூர்வமாகத்தான் எதிர்ப்படும்.

இது டெட்லாக்காக இருக்குமோ?

பெரும்பாலும் இருக்காது. இரண்டு பேர் ஒருவருக்கொருவர் காத்திருந்தால் போஸ்ட்கிரெஸ் தானே கண்டுபிடித்து ஒருவரை வெளியேற்றிவிடும். டெட்லாக்_டைம்அவுட் இயல்பாக 1 வினாடி. பத்து நிமிடமாக நிற்கிறது என்றால் அது வெறும் நீண்ட வரிசை.

ஆட்டோவேக்யூம் என் ஆல்டரைத் தடுக்கிறது. கொன்றுவிடலாமா?

செத்த பழைய வரிகளைத் தானே துப்புரவாக்கும் சாதாரண ஆட்டோவேக்யூம் தன்னால் யாராவது நின்றால் தானே விலகிக்கொள்ளும். விலகாமல் நின்றால் க்வெரி காலத்தைப் பாருங்கள். கடைசியில் ‘டு ப்ரிவென்ட் ரேப்அரவுண்ட்’ என்று இருக்கும். டிரான்சாக்‌ஷன் எண்கள் தீர்ந்துபோகாமல் காக்கிற வேலை அது. கொன்றால் திரும்பவும் வரும். முடியட்டும் என்று விட்டுவிடுங்கள்.

கமிட்டே நிற்கிறது. பூட்டு எதுவும் இல்லை. வெயிட்_ஈவென்ட் ‘சிங்க்ரெப்’ என்கிறது.

சிங்க்ரனஸ் ரெப்ளிகேஷன் போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு கமிட்டும் வந்து சேர்ந்தது என்று சொல்ல வேண்டிய நகல் சர்வரான ஸ்டாண்ட்பை பதில் சொல்லவில்லை. அது திரும்பி வரும்வரை எழுதும் வேலைகள் எல்லாம் கமிட்டில் போய் நிற்கும், படிக்கும் வேலைகள் ஓடும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. காத்திருக்கும் கமிட்டை நீங்கள் கேன்சல் செய்தால் அந்த மாற்றம் ரத்தாகாது. இந்த சர்வரில் அது ஏற்கெனவே கமிட் ஆகிவிட்டது. ஸ்டாண்ட்பைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம் இல்லை. ஆப்ளிகேஷன் இதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்பினால் ஒரே பில் இரண்டு முறை விழும். அதற்குப் பதிலாக சிங்க்ரனஸ்_ஸ்டாண்ட்பை_நேம்ஸ் அமைப்பைக் காலியாக்கி ரீலோட் செய்தால் காத்திருப்பவை எல்லாம் விடுபடும். ஸ்டாண்ட்பை இல்லாமல் ஓடுவது சரியா என்று யாராவது முடிவெடுத்த பிறகுதான்.

க்ளையன்ட் இயந்திரத்தின் கரன்ட் போய்விட்டது. அதன் ப்ராசஸ் இங்கே பூட்டோடு இருக்கிறது. ஏன்?

சர்வருக்கு அந்தச் செய்தி வரவில்லை. கேபிளைப் பிடுங்கினால் யாரும் ‘போய் வருகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று விசாரிக்கும் டிசிபி கீப்அலைவ்தான் கண்டுபிடிக்க வேண்டும். லினக்ஸின் இயல்பான அமைப்பில் அது முதல் விசாரிப்பை அனுப்பவே 7200 வினாடி, அதாவது 2 மணி நேரம். போஸ்ட்கிரெஸில் டிசிபி_கீப்அலைவ்ஸ்_ஐடில் என்பதை 60 வினாடி அளவுக்குக் குறைத்து வையுங்கள். நீண்ட க்வெரி ஓடும்போதே க்ளையன்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க 14-ஆம் பதிப்பில் க்ளையன்ட்_கனெக்‌ஷன்_செக்_இன்டர்வல் வந்திருக்கிறது.

கேன்சல் கொடுத்தேன், டெர்மினேட்டும் கொடுத்தேன். ‘ட்ரூ’ என்று வந்தது. ஆனால் ப்ராசஸ் போகவில்லை.

‘ட்ரூ’ என்றால் சிக்னல் அனுப்பப்பட்டது என்று மட்டுமே அர்த்தம். பிஜி_கேன்சல்_பேக்எண்ட் அனுப்புவது சிக்இன்ட், பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட் அனுப்புவது சிக்டெர்ம். முன்னது ஓடும் க்வெரியை நிறுத்தும், பின்னது கனெக்‌ஷனையே மூடும். ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’ நிலையில் ஓடும் க்வெரி எதுவும் இல்லாததால் கேன்சலுக்கு வேலையே இல்லை, அங்கே டெர்மினேட்தான்.

சிக்னல் போனதும் ப்ராசஸ் அந்த இடத்திலேயே விழுந்துவிடாது. ஒரு கொடியை மட்டும் உயர்த்திவைக்கும். சோர்ஸ் கோடில் செக் ஃபார் இன்டரப்ட்ஸ் என்ற பாதுகாப்பான நிறுத்தங்கள் ஆங்காங்கே இருக்கின்றன. அடுத்த நிறுத்தம் வந்ததும் கொடியைப் பார்த்து, கையில் இருப்பதை ஒழுங்காக வைத்துவிட்டு வெளியேறும். அந்த நிறுத்தத்துக்கு வந்து சேரவே முடியாத ப்ராசஸ்தான் போகாமல் இருக்கும். நான் பார்த்தவரை இதற்கு இரண்டு காரணங்கள்தான்: சி மொழியில் எழுதிய ஏதோ எக்ஸ்டென்ஷன் (கூடுதலாகச் சேர்த்த நிரல்) நிறுத்தமே இல்லாத லூப்பில் சுற்றுகிறது, அல்லது ப்ராசஸ் லினக்ஸின் மையமான கர்னலுக்குள் டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது. முதலாவதில் சிபியு 100, இரண்டாவதில் 0.

அப்போது கில் -9 (ப்ராசஸை அந்த இடத்திலேயே கொல்லும் சிக்னல்) போடலாமா?

கூடாது. இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் நீக்குப்போக்கு இல்லை.

போஸ்ட்கிரெஸின் எல்லா ப்ராசஸ்களும் ஒரே பகிர்வு நினைவகத்தில் கைவைத்து வேலை செய்கின்றன. கில் -9 வாங்கியவர் பாதி எழுதிய நிலையில் செத்திருக்கலாம். தாய் ப்ராசஸான போஸ்ட்மாஸ்டரால் அந்த நினைவகத்தை இனி நம்ப முடியாது. அதனால் மற்ற எல்லா கனெக்‌ஷன்களையும் அதுவே கொன்று, நினைவகத்தைப் புதிதாக அமைத்து, மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் டபிள்யூஏஎல் கோப்புகளிலிருந்து மீட்பு நடத்திவிட்டுத்தான் கதவைத் திறக்கும். ஒருவரைக் கொல்லப் போய் ஊரையே காலி செய்த கதை. ‘இன்னொரு சர்வர் ப்ராசஸ் விழுந்ததால் கனெக்‌ஷன் துண்டிக்கப்படுகிறது’ என்ற செய்தி எல்லா ஆப்ளிகேஷன்களிலும் ஒரே நொடியில் வந்தால், யாரோ கில் -9 போட்டார்கள், அல்லது நினைவகம் தீர்ந்து லினக்ஸின் ஓஓஎம் கில்லர் போட்டது, அல்லது ஒரு ப்ராசஸ் தானே கிராஷ் ஆனது. டீமெசேஜ் கட்டளையில் பார்த்தால் ஓஓஎம் கில்லரின் தடயம் இருக்கும்.

பிஎஸ் பட்டியலில் ப்ராசஸின் நிலை ‘டி’ என்று இருக்கிறது.

கர்னலுக்குள் இடையூறு செய்ய முடியாத தூக்கம். ஒரு விநாடி வந்து போனால் சாதாரண டிஸ்க் வேலை. நிமிடக்கணக்கில் அப்படியே இருந்தால் டிஸ்க், ஸ்டோரேஜ் நெட்வொர்க் அல்லது என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் கோப்பு சர்வர் பக்கம் கோளாறு. ப்ராக் கோப்பகத்தில் அந்த ப்ராசஸ் எண்ணின் கீழ் இருக்கும் ஸ்டாக் கோப்பை ரூட்டாகப் படித்தால் கர்னலின் எந்த மூலையில் நிற்கிறது என்று தெரியும். இந்த நிலையில் கில் -9 கூட வேலை செய்யாமல் போகலாம். டேட்டாபேஸ் ஆள் இங்கே கையைக் கட்டிக்கொண்டு ஸ்டோரேஜ் ஆளுக்குப் போன் போட வேண்டியதுதான்.

ஜிடிபியை ஓடும் சர்வரில் மாட்டலாமா?

ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவி ஜிடிபி. மாட்டலாம், என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு. ஜிடிபி ஒட்டிக்கொண்டதும் அந்த ப்ராசஸ் உறைந்துவிடும். பகிர்வு நினைவகத்தைக் காக்கும் ஏதாவது உள்பூட்டை அது வைத்திருக்கும் நேரமாக இருந்தால் மற்றவர்களும் சேர்ந்து நிற்பார்கள். அதனால் உட்கார்ந்து யோசித்துக் கட்டளை தட்டும் இடமில்லை அது. பேட்ச் முறையில், ஒட்டு, பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்‌ஷனை எது அழைத்தது என்ற பட்டியல்) எடு, விடு என்று ஒரே வரியில் முடித்துவிட வேண்டும். டீபக் சிம்பல் பேக்கேஜை முன்கூட்டியே போட்டிருந்தால் ஃபங்‌ஷன் பெயர்கள் வரும். இல்லாவிட்டால் வெறும் கேள்விக்குறிகள் வரும்.

பேக்ட்ரேஸை மேலிருந்து கீழே படியுங்கள். ப்ராக்ஸ்லீப் என்று தெரிந்தால் சாதாரணப் பூட்டுக்குத் தூங்குகிறது. செக்யூர்_ரீட் என்றால் க்ளையன்ட் அனுப்பப்போகும் அடுத்த வார்த்தைக்காக. எல்டபிள்யூலாக்அக்வயர் என்றால் உள்பூட்டு. இந்த வகையை பிஜி_ப்ளாக்கிங்_பிட்ஸ் காட்டாது, யார் வைத்திருக்கிறார்கள் என்றும் வியூக்களில் தெரியாது. சில வினாடிகள் இடைவெளியில் மூன்று முறை எடுங்கள். மூன்றும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் நிற்கிறது. மேல் வரிகள் மாறிக்கொண்டே இருந்தால் ஓடுகிறது. எக்ஸ்டென்ஷனின் பெயர் மூன்றிலும் ஒரே இடத்தில் நின்றால் குற்றவாளி பிடிபட்டார்.

ப்ராசஸ் கர்னலிடம் கேட்பதை வரிவரியாகக் காட்டும் ஸ்ட்ரேஸ் இதைவிட எளிது, தகவலும் குறைவு. ஈபோல்_வெயிட் என்ற ஒற்றை வரியோடு மௌனமாக இருந்தால் காத்திருப்பு. ஒரு வரிகூட வராமல் சிபியு மட்டும் எகிறினால் கர்னலைத் தொடாத லூப்.

சர்வருக்குள் கனெக்ட்டே ஆக முடியவில்லை.

சூப்பர்யூசராக முயன்று பாருங்கள். இயல்பான 100 கனெக்‌ஷன் இடங்களில் 3 அவருக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். ஆப்ளிகேஷனே சூப்பர்யூசராகக் கனெக்ட் ஆகிற இடங்களில் அந்த மூன்றும் போயிருக்கும். அங்கே பிஎஸ் பட்டியலைப் பார்த்து, ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’ என்று இருக்கும் ஒன்றுக்கு ஷெல்லிலிருந்து வெறும் கில், அதாவது சிக்டெர்ம், அனுப்பி இடம் பிடிக்கலாம்.

மேனேஜர் ரீஸ்டார்ட் செய்யச் சொல்கிறார். இரண்டு நிமிடம்தான் தருகிறார்.

அந்த இரண்டு நிமிடத்தில் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி முழுவதையும், பிஜி_லாக்ஸ் முழுவதையும் கோப்பில் கொட்டிக்கொள்ளுங்கள். பிஎஸ் வெளியீடு ஒன்று. மாட்டிய ப்ராசஸின் பேக்ட்ரேஸ் மூன்று. ரீஸ்டார்ட் ஆனபின் இவை எதுவும் கிடைக்காது, ‘ஏன் நடந்தது’ என்று நாளை கேட்பதும் அதே மேனேஜர்தான்.

பிறகு ஃபாஸ்ட் முறையில், அதாவது எல்லா கனெக்‌ஷனுக்கும் சிக்டெர்ம் அனுப்பி, நிறுத்துங்கள், 9.5-இலிருந்து அதுதான் இயல்பு. சிக்டெர்முக்கு அசையாத ப்ராசஸ் இருந்தால் அதுவும் நிற்காது. ஒழுங்குசெய்யாமல் உடனே நிறுத்தும் இமீடியட் முறைக்குப் போக வேண்டும். திரும்ப எழும்போது மீட்பு ஓடும். ‘டி’ நிலை ப்ராசஸ் அப்போதும் மிச்சம் இருந்தால், பழைய பகிர்வு நினைவகம் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லி போஸ்ட்கிரெஸ் எழ மறுக்கும். இணையத்தில் எங்கோ படித்துவிட்டு போஸ்ட்மாஸ்டர்.பிட் கோப்பை அழித்து அந்தத் தடையைத் தாண்டப் பார்ப்பவர்கள் உண்டு. ஒரே டேட்டாவில் பழைய ப்ராசஸும் புதிய சர்வரும் எழுதத் தொடங்கினால் அதன்பிறகு பேக்கப்பைத் தேட வேண்டிவரும். கோப்பைத் தொடாதீர்கள். இயந்திரத்தையே ரீபூட் செய்யுங்கள்.